அப்பப்பாவின் மெசி 35க்கு மூன்றாம் தரப்புக் காப்புறுதி யார் தருவார்கள்? (திருகோணமலை)

பட்டிமேட்டுப் பேரன்

எல்லோருக்கும் வணக்கம். தம்பலகாமத்தில் எங்கள் வளவில் அப்பப்பாவின் மெசி பேர்கசன் 35 ஒன்று நிற்கிறது. 1990இல் குடும்பம் இடம்பெயர்ந்தபோது மாட்டுக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து பார்த்தால் ரயர் இல்லை, பற்றரி இல்லை, டைனமோ இல்லை. உடம்பு மட்டும் நின்றது. ஆனால் பதிவுப் புத்தகம் தப்பிவிட்டது. அப்பம்மா அதைச் சேலைக்குள் சுற்றி முகாம் முகாமாகக் கொண்டு திரிந்திருக்கிறார். நம்பர் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து உள்ள பழைய நம்பர். போன வருடம் அப்பாவும் நானும் சேர்ந்து ஓட வைத்துவிட்டோம்.

இப்போது கோயில் சபையில் கேட்கிறார்கள், திருவிழாவுக்கு அம்மன் ஊர்தியை இதால் இழுக்கலாமா என்று. அப்பாவுக்கு நல்ல ஆசை. எனக்குத்தான் பயம். கூட்டத்துக்குள் யார் காலிலாவது ஏறினால் என்ன செய்வது?

ரக்டருக்குக் காப்பு வேண்டாம். அது உடைந்தால் நாங்களே திருத்துவோம். மற்றவர்களுக்கு ஏதும் நடந்தால் ஈடு கொடுக்கிற காப்புறுதி மட்டும் போதும். மூன்று இடத்தில் விசாரித்தேன். முதலாவது முகவர், எந்த வருடம் என்று கேட்டுவிட்டுச் சிரித்தார், இவ்வளவு பழையது எடுக்க மாட்டோம் என்றார். இரண்டாமவர் சந்தை விலை மதிப்பீடு கொண்டுவரச் சொன்னார். மூன்றாமவர், புத்தகம் உங்கள் பெயரில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். இல்லை, அப்பப்பா பெயரில், அவர் காலமாகிவிட்டார் என்றேன். அப்படியென்றால் பெயரை மாற்றிவிட்டு வாருங்கள் என்றார். எவர் சொன்னது சரி?

கந்தோர் கிழவன்

தம்பி, நீங்கள் கேட்டது ஒன்று, முதல் இரண்டு பேர் காதிலும் விழுந்தது வேறொன்று. மூன்றாமவர்தான் உங்கள் கேள்வியைக் கேட்டிருக்கிறார்.

வாகனத்தின் வயதும் சந்தை விலையும் முழுக் காப்புறுதிக்குத்தான் தலையிடி. அதில் உங்கள் ரக்டருக்கே சேதம் வந்தால் கம்பனி காசு தரவேண்டும். அறுபது வருடம் கடந்த பழைய இரும்புக்கு என்ன விலை போடுவது, பாகம் எங்கே எடுப்பது என்று யோசிப்பார்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் உங்கள் ரக்டர் என்ன விலை என்பது கதையே இல்லை. அது மற்றவனுக்கு என்ன செய்யக்கூடும் என்பதுதான் கதை. பழைய ரக்டர் மோதினாலும் புதிய ரக்டர் மோதினாலும் கால் ஒரே மாதிரித்தான் முறியும்.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தில் 99ஆம் பிரிவைப் பாருங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் மோட்டார் வாகனத்தைத் தெருவில் பாவிக்கக் கூடாது. பழையதற்கு ஒரு சட்டம், புதியதற்கு ஒரு சட்டம் இல்லை. சட்டம் கட்டாயப்படுத்துவது மற்றவர்களின் இறப்புக்கும் உடற்காயத்துக்கும் உரிய பொறுப்பை. மதில், கடை முகப்பு, மற்றவன் கார் போன்ற பொருட்சேதத்துக்குப் பத்திரத்தில் ஒரு தொகை வரம்பு எழுதியிருப்பார்கள். அந்தத் தொகையைக் கேட்டு வாசியுங்கள். கொஞ்சம் கூடக் கட்டினால் வரம்பைக் கூட்டித் தருகிற கம்பனிகளும் உண்டு.

ஆகவே முதல் வேலை கம்பனி தேடுவது அல்ல, புத்தகம். இறந்தவர் பெயரில் இருக்கிற வாகனத்துக்கு எந்தக் கம்பனியும் உங்களோடு ஒப்பந்தம் செய்யத் தயங்கும். இறப்புச் சான்றிதழ், வாரிசுகள் யார் என்று காட்டும் பத்திரங்கள், மற்ற வாரிசுகளின் சம்மதம், இவை எல்லாம் வேண்டும். அப்பப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள்?

வருமான உத்தரவுப் பத்திரம், அதுதான் வருடா வருடம் வாகனத்துக்கு எடுக்கிற அனுமதி, கடைசியாக எந்த வருடம் எடுத்தீர்கள் என்றும் பாருங்கள். வாகனம் பாவனையில் இல்லை என்று அந்தக் காலத்தில் யாராவது அறிவித்திருந்தால் நல்லது. இடம்பெயர்ந்த அவசரத்தில் யார் அறிவித்திருப்பார்கள்! நிலுவை கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பிரதேச செயலகத்துக்குப் போங்கள், கேட்காவிட்டால் சந்தோஷம்.

பட்டிமேட்டுப் பேரன்

ஐயா, நன்றி. ஐந்து பிள்ளைகள். இரண்டு பேர் இங்கே, ஒருவர் கொழும்பில், ஒருவர் கனடாவில், ஒருவர் இல்லை. அவருடைய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கந்தோர் கிழவன்

அப்படியென்றால் இந்த வருடத் திருவிழாவை மறந்துவிடுங்கள்.

கிண்ணியா நானா

கிழவனார் சட்டம் சொல்லிவிட்டார், நான் ஊர் நடப்பைச் சொல்கிறேன். இங்கே வயல் ரக்டர்களில் எத்தனைக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது? பொலிஸ் மறித்தால் ஒரு கதை சொல்லிவிட்டுப் போகிறார்கள். கோயிலுக்கு ஒருநாள் இழுப்பதற்கு இவ்வளவு பாடு படவேண்டுமா தம்பி? பக்கத்து வீட்டு ரக்டரைக் கேளுங்கள், முடிந்தது.

உப்புவெளிச் சாவி

நானா, பக்கத்து வீட்டுக்காரன் தருவான், தரட்டும். ஆனால் அவன் இன்சூரன்ஸ் எந்தப் பாவனைக்கு என்று யார் பார்த்தது?

பேரனிடம் வேறொரு கேள்வி. நான் மெக்கானிக். உங்கள் 35இல் எத்தனை சிலிண்டர்? ஏன் கேட்கிறேன் என்றால், 35 முதலில் வந்தபோது டீசலில் நான்கு சிலிண்டர் ஸ்டான்டர்ட் இஞ்சின் போட்டிருந்தார்கள். ஸ்டார்ட் எடுப்பதில் அது பெரிய சண்டித்தனம் பண்ணும். 1959 கடைசியில்தான் மூன்று சிலிண்டர் பேர்கின்ஸுக்கு மாறினார்கள். அதனால் நான்கு சிலிண்டர் வைத்திருந்த நிறையப் பேர் பிறகு பேர்கின்ஸைத் தூக்கி வைத்துவிட்டார்கள். ரக்டர் நன்றாக ஓடும். ஆனால் புத்தகத்தில் பழைய இஞ்சின் நம்பர்!

பெயர் மாற்றப் போகிற இடத்திலும் இது இடிக்கும், இன்சூரன்ஸிலும் இடிக்கும். போனற்றைத் திறந்து இஞ்சின் நம்பரைத் துடைத்துப் பாருங்கள். டாஷ்போர்ட்டில் இருக்கிற தகட்டில் சீரியல் நம்பரும் இருக்கும். இரண்டையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பெயின்ற் அடிக்கிறேன் என்று அந்தத் தகட்டை மட்டும் உரசிவிடாதீர்கள். புதிதாகப் பளபளவென்று இருக்க வேண்டும் என்று ஒருவர் தகட்டையே கழற்றி எறிந்துவிட்டு என்னிடம் வந்தார். அழுகையே வந்தது எனக்கு.

பட்டிமேட்டுப் பேரன்

அண்ணை, இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். மூன்று சிலிண்டர். நம்பர் பொருந்தவில்லை. தகட்டு நம்பர் பொருந்துகிறது.

உப்புவெளிச் சாவி

நினைத்தேன். தகடு பொருந்துகிறபடியால் தப்பினீர்கள். இஞ்சின் மாற்றத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனப் பரிசோதகர் பார்ப்பார். இஞ்சின் வாங்கின பற்றுச்சீட்டு கேட்பார்கள். உங்களிடம் இருக்காது. அதற்குச் சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு போங்கள், என்ன சொல்கிறார்கள் பார்ப்போம்.

மூதூர் வேளாண்மை

இடையில் புகுகிறேன், மன்னிக்கவும். என்னிடம் சீனத்து லான்ட்மாஸ்டர், இரண்டு சில்லுக் கை ரக்டர், இருக்கிறது. பின்னால் இழுக்கிற பெட்டி (டிரெய்லர்) பூட்டாமல் வயலுக்குள் மட்டும் உழுகிறேன். எனக்கும் இது எல்லாம் வேண்டுமா?

கந்தோர் கிழவன்

வீட்டிலிருந்து வயலுக்கு எப்படிப் போகிறீர்கள்? தூக்கிக்கொண்டா?

மூதூர் வேளாண்மை

ஐயா! ஓட்டிக்கொண்டுதான். ஒரு ஐந்நூறு யார் தார் ரோட்டு.

கந்தோர் கிழவன்

அந்த ஐந்நூறு யாருக்குத்தான் இன்சூரன்ஸ். வரம்புக்கு உள்ளே நீங்கள் ராசா, தாருக்கு வந்தால் அது மோட்டார் வாகனம். ஓட்டுகிறவருக்கு சாரதி அனுமதிப் பத்திரத்தில் ஜி1 வகை இருக்க வேண்டும். நான்கு சில்லு ரக்டருக்கு ஜி. மோட்டார் சைக்கிள் லைசன்ஸை வைத்துக்கொண்டு லான்ட்மாஸ்டர் ஓட்டுகிற பிள்ளைகளை நான் தினமும் காண்கிறேன். விபத்து நடந்தால் கம்பனி முதலில் பார்ப்பது அந்த எழுத்தைத்தான்.

இன்னொன்று. பெட்டி ரக்டரின் வால் அல்ல. பதிவில் அது தனி வாகனம். தனி நம்பர் இருக்கும். ரக்டருக்கு எடுத்த காப்புறுதி பெட்டிக்கும் ஓடும் என்று நீங்களாக நினைக்காதீர்கள். பத்திரத்தில் பெட்டியின் நம்பரும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பேரன், உங்களுக்கும்தான். அம்மன் ஊர்தி பெட்டியில்தானே வரப்போகிறது?

பட்டிமேட்டுப் பேரன்

பெட்டியும் அப்பப்பாவுடையதுதான். நம்பர் தகடு இல்லை. சுரண்டிப் பார்க்கிறேன்.

லண்டன் மருமகன்

இங்கே இங்கிலாந்தில் இருந்து எழுதுகிறேன், பிறந்தது சாம்பல்தீவு. பழைய ரக்டர் வைத்திருப்பது இங்கே ஒரு பெரிய பொழுதுபோக்கு. நாற்பது வருடம் கடந்த வாகனத்துக்கு வீதி வரி விலக்கு, வருடாந்தப் பரிசோதனை விலக்கு எல்லாம் கிடைக்கும். ஆனால் இன்சூரன்ஸுக்கு விலக்குக் கிடையாது. தெருவுக்கு வந்தால் 1988ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டப்படி மூன்றாம் தரப்பு கட்டாயம். வித்தியாசம் என்னவென்றால் பழைய வாகனங்களுக்கென்றே தனித் திட்டம் விற்கிறார்கள். வருடத்தில் கொஞ்சத் தூரம்தான் ஓடும், கொட்டிலுக்குள் பூட்டி வைத்திருப்பார்கள் என்பதால் கட்டுப்பணம் குறைவு. சங்கத்தில் சேர்ந்தால் இன்னும் குறையும். கண்காட்சி நடத்துகிற சங்கம் மைதானத்துக்குத் தனியாகப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுத்து வைத்திருக்கும்.

அமெரிக்காவில் என் மைத்துனர் புல் வெட்டுகிற சின்ன ரக்டர் வைத்திருக்கிறார். பதிவு தேவையில்லாத, வீட்டு வளவைப் பராமரிக்கிற இயந்திரம் என்றால் அங்கே வீட்டுக் காப்புறுதியின் பொறுப்புப் பகுதியே பெரும்பாலும் அதைத் தாங்கும். ஊர்வலத்துக்குக் கொண்டு போனால் அது வேறு கதை, கேட்டு எழுதி வாங்க வேண்டும் என்றார்.

கிண்ணியா நானா

மருமகன், இங்கே வீட்டுக்கே இன்சூரன்ஸ் இல்லை, வீட்டு ரக்டருக்கு எங்கே போவது. சுனாமியில் போன வீடுகளில் எத்தனைக்குக் காப்புறுதி இருந்தது?

சரி, நான் முதலில் எழுதியதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பொலிஸ் மறிக்காது என்று லேசாகச் சொல்லிவிட்டேன். இரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் சொந்தத்தில் ஒருவர் ரக்டர் வைத்திருந்தார். இன்சூரன்ஸ் இருந்தது, விவசாயத் தேவைக்கு என்று எழுதி எடுத்தது. ஆனால் மகாவலி மணல் ஏற்றினார், வாடகைக்கு. ஒருநாள் பின்னேரம் பெட்டியில் பின் லைற் இல்லாமல் வந்தார். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போய் அடித்தது. பொடியனுக்குத் தொடை எலும்பு முறிந்தது. கம்பனி சொன்னது இதுதான்: நீங்கள் சொன்ன பாவனை வேறு, செய்த பாவனை வேறு. பொடியனுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு உங்களிடம் அறவிடுவோம். வழக்கு இழுத்தது. கடைசியில் எருமைகள் போயின, காணியில் ஒரு துண்டும் போனது. அவர் இன்றைக்கும் இன்சூரன்ஸ்காரனைத்தான் திட்டுகிறார். நானும் கொஞ்சக் காலம் சேர்ந்து திட்டினேன். பிறகு அந்தக் கடதாசியை வாங்கி வாசித்தேன். அவர் கையெழுத்து வைத்த இடத்துக்கு மேலேயே எழுதியிருந்தது.

அதனால் பேரன், எடுப்பதென்றால் சரியான பாவனையைச் சொல்லி எடுங்கள். வாடகைக்கு ஓட மாட்டேன் என்று சொல்லிவிட்டு அடுத்தவன் நெல்லு ஏற்றாதீர்கள்.

பட்டிமேட்டுப் பேரன்

நானா, எங்களுக்கு வாடகை எண்ணம் இல்லை. ஆனால் பெரியப்பாவின் நெல்லை மில்லுக்குக் கொண்டு போனால் அது வாடகையா? டீசலுக்கு மட்டும் காசு தருவார்.

கந்தோர் கிழவன்

இதை எங்களிடம் கேட்காதீர்கள். முகவரிடம் கேளுங்கள், அவர் சொல்கிற பதிலைக் கடிதத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது விபத்துக்குப் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது. கோயில் ஊர்தி விஷயமும் அப்படியே. ஒருநாள் ஊர்வலத்தில் இழுக்கப் போகிறேன், பெட்டியில் சிலையும் இரண்டு ஐயர்மாரும் இருப்பார்கள், சுற்றிச் சனம் வரும் என்று முழுக்க எழுதிக் கொடுங்கள். பெட்டியில் ஏறுகிறவர்கள் தெருவில் போகிற மூன்றாம் ஆள் மாதிரி அல்ல, அவர்களைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். கோயில் சபைக்கும் சொல்லுங்கள், ஊர்வலத்துக்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி எடுக்க வேண்டியது அவர்கள். பந்தல் விழுந்தால், மின்சாரக் கம்பியில் ஊர்தி முட்டினால் உங்கள் ரக்டர் காப்புறுதி அதற்குள் வராது.

சாரதியைச் சம்பளத்துக்கு வைத்தால் அவர் உங்கள் வேலையாள். அவருக்கு நடப்பது 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின் பக்கம் போகும். அதற்கும் பத்திரத்தில் ஒரு வரி சேர்க்கலாம், கேளுங்கள்.

உப்புவெளிச் சாவி

காகிதம் நிறையப் பேசியாயிற்று. இரும்பைக் கொஞ்சம் பேசுவோம், ஏனென்றால் விபத்து நடக்காமல் இருந்தால் கடதாசி தேவையே இல்லை.

35இல் பிரேக் பெடல் இரண்டு, இடது சில்லுக்கு ஒன்று, வலது சில்லுக்கு ஒன்று. வயலில் மூலையில் திருப்பப் பிரித்து வைத்திருப்போம். தெருவுக்கு ஏறும்போது இரண்டையும் சேர்த்துக் கொளுவ வேண்டும். கொளுவாமல் அவசரத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் ரக்டர் ஒரு பக்கம் பாய்ந்து திரும்பும். கூட்டத்துக்குள் அப்படித் திரும்பினால் யோசித்துப் பாருங்கள். அந்தக் கொளுவி உங்கள் ரக்டரில் இருக்கிறதா? அநேகமாக இருக்காது, எங்கேயோ கழன்று விழுந்திருக்கும். செய்து தருகிறேன், வாருங்கள்.

ஊர்தியைக் கீழே இருக்கிற இழுவைக் கொளுவியில்தான் பூட்ட வேண்டும். மேல் இணைப்பிலோ அச்சிலோ சங்கிலி போட்டு இழுத்தால் முன் சில்லு மேலே கிளம்பும். இவற்றில் மேல் கூடு கிடையாது. பின்னால் கவிழ்ந்தால் ஓட்டுகிறவர் இருப்பது அடியில்தான்.

நிலாவெளி வாசகன்

ஒரு ஊர்தி இழுக்க இவ்வளவா? என் அப்பா காலத்தில் ஸ்ரீ நம்பரோடு இரவெல்லாம் நெல்லு இழுத்தார்கள், ஒரு கடதாசியும் கேட்கவில்லை.

கந்தோர் கிழவன்

உங்கள் அப்பா காலத்தில் அந்தச் சிங்கள ஸ்ரீ எழுத்தை எதிர்த்தே தார் பூசிச் சிறைக்குப் போனார்கள், 1957ஐயும் 58ஐயும் சொல்கிறேன். கடதாசி கேட்காத காலம் என்று ஒன்று இருக்கவில்லை. உங்கள் அப்பாவை யாரும் மறிக்கவில்லை, அவ்வளவுதான்.

பட்டிமேட்டுப் பேரன்

ஐந்து மாதம் கழித்து எழுதுகிறேன். நிறையப் பேர் உள்பெட்டியில் கேட்டிருந்தீர்கள்.

கிழவனார் சொன்னபடி திருவிழா போய்விட்டது. ஊர்தியைப் பக்கத்து ஊர் ரக்டர் இழுத்தது. நானா முதலில் சொன்ன வழிதான், ஆனால் காப்புறுதிப் பத்திரத்தையும் பெட்டி நம்பரையும் பார்த்த பிறகு. சபைத் தலைவர் என்னோடு இரண்டு கிழமை பேசவில்லை. அப்பா அன்றைக்கு முழுக்க கொட்டிலுக்குள் நின்று 35ஐத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கனடா அத்தையின் சம்மதக் கடிதம் வரத்தான் கன நாள் எடுத்தது. முதலில் அனுப்பியதில் கையெழுத்தை அங்கே யாரும் உறுதிப்படுத்தவில்லை, திரும்ப அனுப்ப வேண்டி வந்தது. இஞ்சின் விஷயம் நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. பரிசோதகர் தகட்டு நம்பரைப் பார்த்தார், ரக்டரைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார், தன் மாமாவிடமும் ஒரு 35 இருந்தது என்று கதை சொன்னார். சத்தியக்கடதாசியை ஏற்றுக்கொண்டார்கள். புத்தகம் இப்போது அப்பா பெயரில்.

புத்தகம் சரியான பிறகு காப்புறுதி அரை மணி நேர வேலை. அந்த மூன்றாமவரிடமே போனேன். எந்த வருடம் என்று கேட்டார், சொன்னேன், எழுதினார், சிரிக்கவில்லை. பொருட்சேத வரம்பைக் கொஞ்சம் கூட்டி எடுத்தோம். சொந்த விவசாயப் பாவனை என்று எழுதியிருக்கிறது. பெரியப்பாவின் நெல்லைப் பற்றிக் கேட்டேன். காசு வாங்காவிட்டால் பிரச்சினை இல்லை, டீசல் காசும் வாங்க வேண்டாம் என்று கடிதம் தந்தார். பெரியப்பாவுக்கு அதில் மிகுந்த சந்தோஷம். கட்டுப்பணம் ஒரு பின் ரயர் விலைக்குக் கிட்டவும் வரவில்லை.

பெட்டிதான் இடித்துவிட்டது. சுரண்டினால் ஒரு நம்பர் வந்தது, அது அப்பப்பாவின் நம்பர் அல்ல. 1990இல் எங்கள் பெட்டியை யாரோ கொண்டு போய், யாருடையதையோ இங்கே விட்டிருக்கிறார்கள். சொந்தக்காரரைத் தேடி விசாரிக்கிறோம். அதுவரை பெட்டி பூட்டுவதில்லை.

சாவி அண்ணை, பிரேக் கொளுவி நன்றாக வேலை செய்கிறது. பின் லைற் ஒன்று பொருத்திவிட்டேன், இடப் பக்கத்துக்குப் பழைய லூகாஸ் லைற் கண்ணாடி யாரிடமாவது கிடைக்குமா?

உப்புவெளிச் சாவி

என்னிடம் ஒன்று கிடக்கிறது. சிவப்பு கொஞ்சம் வெளிறிவிட்டது, வெடிப்பு இல்லை. சனிக்கிழமை வாருங்கள், ரக்டரிலேயே வரலாம் இப்போது.